ஜமால் அண்ணனின் ஒரே சொல்

பினாங்கு விடுதியில் பெட்டியைக் கூட இன்னும் திறக்கவில்லை. அதற்குள் எனக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்துவிட்டது.

திருச்சியில் நான் பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள், திக்குகிறவர்கள், உணவை விழுங்கச் சிரமப்படுகிறவர்கள் என்று நாள் முழுவதும் ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். விழுங்குதல் பற்றிய பயிலரங்கு ஒன்றுக்காகத்தான் ஜார்ஜ் டவுனுக்கு வந்திருந்தேன். அதை நடத்த வேண்டிய பேராசிரியருக்குக் கடுங்காய்ச்சல். ஏற்பாட்டாளர் வரவேற்பறையில் நின்று திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அறை உண்டு, காலை உணவு உண்டு, ஞாயிற்றுக்கிழமை விமானம் உண்டு. அதுவரை செய்வதற்குத்தான் ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் பேசினேன். "கேக்காமலே உனக்கு லீவு குடுத்திருக்காங்க. நல்லா ஊர் சுத்து. தயவுசெஞ்சு யாருக்கும் வைத்தியம் பாக்காத," என்றார் கணவர்.

அன்று மதியமே சுற்றக் கிளம்பினேன். பழைய தெருக்களில் சுவர்களில் ஓவியம் வரைந்திருக்கிறார்கள். ஓவியத்தைவிட அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் வரிசை நீளம். நானும் நின்றேன். என் முறை வந்தபோது படமெடுக்க ஆள் இல்லை. பின்னால் நின்ற சீனப் பெண் கைபேசியை வாங்கி, என்னைச் சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, முகவாயைத் தூக்கச் சொல்லி, நான்கைந்து படம் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் விட்டாள். எல்லாவற்றிலும் எனக்குக் கண் மூடியிருந்தது.

பிறகு பினாங்கு மலைக்குப் போகலாம் என்று கைபேசி வரைபடத்தைப் பார்த்து ஒரு பேருந்தில் ஏறினேன். உள்ளே நல்ல குளிர். பயணக் களைப்பு வேறு. கண் விழித்தபோது இருபுறமும் கடல். மலைக்குப் போகும் வழியில் கடல் ஏது என்று அரைத் தூக்கத்தில் யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து இருக்கையில் தொழிற்சாலைச் சீருடையில் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எங்க போறீங்க?"

"மலைக்கு."

"இது பாலம் தாண்டிப் போற பஸ்லா அக்கா. மலை அந்தப் பக்கம்." கையைப் பின்னால் காட்டினார். "பரவால்ல. பட்டர்வொர்த்துல இருந்து ஃபெரி இருக்கு. அதுல போங்க, காத்து நல்லா இருக்கும்."

மலேசியத் தமிழில் பேச்சோடு இப்படி ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும். அவர் அக்கரையில் புக்கிட் மெர்தாஜாமில் குடியிருக்கிறார். படகுத் துறைக்கு எந்தப் பேருந்து என்று சொன்னதோடு நிற்காமல், தானும் இறங்கி என்னை அதில் ஏற்றிவிட்டார். கைபேசி வரைபடத்தை நம்பி வழிமாறும் நமக்கு, சீருடை கசங்க நின்று வழி சொல்லும் ஒருவர் எந்த ஊரிலும் கிடைத்துவிடுகிறார்.

படகில் திரும்பி வரும்போது சூரியன் தீவுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மலையையும் அங்கிருந்தே பார்த்துக்கொண்டேன். இறங்கியதும் பசி. கடலோரத் திடலை ஒட்டி வரிசையாக உணவுக் கடைகள். ஒரு கடையில் வடை, போண்டா, இறால் பலகாரம், அவித்த முட்டை எல்லாம் மலைபோல் குவிந்திருந்தன. வேண்டியதை எடுத்துக் கொடுத்தால் துண்டு துண்டாக வெட்டி, வெள்ளரிக்காய்ச் சீவலைத் தூவி, கடலையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அரைத்த இனிப்புக் காரக் குழம்பை மேலே ஊற்றித் தருகிறார்கள். பெயர் பசம்போர். தலைத்துணி அணிந்த ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் தனியாளாக வெட்டிக்கொண்டும் பொரித்துக்கொண்டும் இருந்தார். கடையோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் அசையாமல் கிடந்தது.

அவர் என் தட்டைப் பார்த்து, "சுடா," என்றார்.

"ஆமாண்ணே, சூடாவே இருக்கட்டும்," என்றேன்.

பெண்மணி சிரித்துவிட்டார். "சூடு இல்ல தங்கச்சி. மலாய்ல சுடான்னா முடிஞ்சிருச்சு, போதும்னு அர்த்தம். எங்க வீட்டுக்காரருக்கு ஸ்ட்ரோக் வந்ததுல இருந்து அந்த ஒரு வார்த்ததான். பசிச்சாலும் சுடா, தண்ணி கேட்டாலும் சுடா. ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

தட்டை வாங்கிக்கொண்டு அருகில் உட்கார்ந்தேன். யாருக்கும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு சாப்பிட்டேன். ஆனால் கண் கேட்கவில்லை. அடுத்த கடையில் நூடுல்ஸ் வறுக்கும் சீனப் பெரியவர் மலாயில் ஏதோ கேலியாகச் சொன்னார். எல்லோருக்கும் முந்திச் சிரித்தவர் நாற்காலிக்காரர். பெண்மணி திரும்பிப் பார்க்காமலே, "அந்த இடுக்கி எங்க வச்சேன்," என்று முணுமுணுத்தார். கணவர் இடது கையால் இடுக்கியை எடுத்து மேடைமேல் நகர்த்தி வைத்தார். மனைவி அதைக் கவனிக்கவில்லை. இடுக்கி அங்கேயே இருந்ததாக நினைத்துக்கொண்டு எடுத்தார்.

மறுநாள் சரியான பேருந்தில் ஏறி மலைக்குப் போனேன். செங்குத்தான தண்டவாளத்தில் ரயில் மேலே இழுத்துக்கொண்டு போகிறது. மலைக்கோட்டைப் படிகளில் மூச்சு வாங்கிப் பழகிய எனக்கு, உட்கார்ந்தபடி உச்சிக்குப் போவது ஏதோ ஏமாற்று வேலை போல இருந்தது. உச்சியில் குளிர்காற்று. கீழே ஊர், கடல், பாலம் எல்லாம் தெரிந்தன. தேங்காய்ப்பாலில் சிவப்புப் பயறும் பச்சை மாவு நெளிவுகளும் போட்ட செண்டோல் என்ற குளிர்பானத்தைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இடுக்கி மனதை விட்டுப் போகவில்லை.

மாலை மறுபடி கடைக்குப் போனேன். கூட்டம் சேர இன்னும் நேரமிருந்தது. நான் யார், என்ன வேலை செய்கிறேன் என்று அந்த அக்காவிடம் சொன்னேன். அவர் பெயர் மைமூன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் ஜமால், பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுத்தாங்க தங்கச்சி. நல்லாத்தான் பாத்தாங்க. காலைல கூட்டிட்டுப் போகணும், நா கடைக்குச் சாமான் வாங்கணும், எல்லாம் அரைக்கணும். கொஞ்ச நாள்ல விட்டுட்டோம். இப்ப அவருக்கு எதுவும் புரியாதுன்னு ஆயிப்போச்சு. என் கொழுந்தன் நசீரும் அப்படித்தான் சொல்றாரு."

"எனக்கு அப்படித் தோணல அக்கா."

அவர் வெட்டுவதை நிறுத்தினார். "என்ன தோணுது?"

"நாளைக்கு வீட்டுக்கு வரட்டுமா? நான் ஊர் பாக்க வந்தவ, இங்க சிகிச்சை எதுவும் செய்ய முடியாது. அவருக்கு எவ்வளவு புரியுதுன்னு மட்டும் சேர்ந்து பாப்போம்."

"உங்களுக்கு ஊர் சுத்துற வேல இல்லையா?"

"சுத்திட்டேன் அக்கா. பஸ் மாறி அக்கரை வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை ஜெலுத்தோங்கில் அவர்கள் இருக்கும் அடுக்குமாடிக்குப் போனேன். மின்தூக்கியில் என்னோடு ஏறிய ஒரு மலாய்ப் பாட்டி, எந்த மாடி, யார் வீடு என்று ஆங்கிலத்தில் விசாரித்துவிட்டு, "ஜமாலா? பாவம், நல்ல மனிதர், இப்போது அவருக்கு ஒன்றும் தெரியாது," என்றார். ஊரே முடிவு செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜமால் அண்ணன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். மைமூன் அக்கா சமையலறை வாசலில் நின்றுகொண்டார்.

இப்படிப் பேச்சு போனவர்கள் ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் ஒரே மாதிரி தலையாட்டிவிடுவார்கள். பார்க்கிறவர்கள், இவருக்குப் புரியவில்லை என்று முடிவுகட்டிவிடுவார்கள். அதனால் தலையை விட்டுவிட்டு, ஆமாம் என்றால் இடது கட்டைவிரலைத் தூக்கச் சொன்னேன். இல்லை என்றால் உள்ளங்கையைக் கவிழ்க்கச் சொன்னேன். செய்து காட்டினேன். அவரும் செய்தார்.

"அண்ணே, உங்க பேரு அந்தோணியா?"

உள்ளங்கை கவிழ்ந்தது.

"கருப்பையாவா?"

சிரித்துக்கொண்டே கவிழ்த்தார்.

"ஜமாலா?"

கட்டைவிரல்.

"மீன் மரத்துல காய்க்குமா?"

என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்தப் பெண்ணை எங்கே பிடித்து வந்தாய் என்று மனைவியிடம் கேட்கும் பார்வை அது. பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்தார்.

இன்னும் கேட்டேன். அக்கா பிறந்தது பினாங்கிலா, கடைக் குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்றுவார்களா, நேற்று மழை பெய்ததா. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னார். நீளமாகவோ வேகமாகவோ கேட்டபோது தடுமாறினார். சுருக்கமாகக் கேட்டுக் காத்திருந்தால் பதில் வந்தது. நடுநடுவே அவர் வாய் "சுடா, சுடா" என்றது. கை மட்டும் பிசகவில்லை.

"அவரு குர்ஆன் ஓதும்போது மட்டும் தடங்கலில்லாம வருதே தங்கச்சி, அது எப்படி?" என்று அக்கா கேட்டார். சின்ன வயதில் மனப்பாடமாக ஊறியது வேறு பாதையில் வரும், தானாகச் சொல் தேடிப் பேசுவதுதான் அடைபட்டிருக்கிறது என்று விளக்கினேன். அவர் சரியாகக் கேட்டதாகத் தெரியவில்லை. முகம் மாறிக்கொண்டே வந்தது.

"அப்ப, இத்தன மாசமா நாங்க பேசுனதெல்லாம் அவருக்குப் புரிஞ்சுச்சா?"

"எல்லாம்னு சொல்ல முடியாது. நிறைய புரிஞ்சிருக்கும்."

மைமூன் அக்கா சமையலறைக்குள் போய்விட்டார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போனேன். கையில் ஒன்றும் இல்லாமல் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றார்.

"ஒரு நாள் ஈப்போவுல இருக்குற என் தங்கச்சிகிட்ட போன்ல பேசுனேன். அன்னிக்கு எண்ண தெறிச்சு கையெல்லாம் எரிச்சல், ரொம்ப அசதி. ஸ்ட்ரோக் வந்த அன்னிக்கே அல்லா அவர எடுத்துக்கிட்டிருந்தா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதின்னு சொல்லிட்டேன். அவரு பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. புரியாதுன்னுதானே சொன்னேன்." குழாயை மூடினார். "அத அவரு கேட்டாரான்னு நீங்க கேட்டுச் சொல்லுங்க."

"நீங்கதான் அக்கா கேக்கணும்."

நான் வெளியே வந்து வாசலோரம் நின்றேன். அவர் கணவரின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். மெதுவாக, நான் கேட்டது போலவே சின்னச் சின்னதாகக் கேட்டார். "நா தங்கச்சிகிட்ட போன்ல பேசுனேன். நீங்க செத்திருந்தா நல்லதுன்னு சொன்னேன். உங்களுக்குக் கேட்டுச்சா?"

ஜமால் அண்ணன் மனைவியைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலைத் தூக்கினார்.

அக்கா முகத்தைத் தலைத்துணியால் மூடிக்கொண்டார். அண்ணன் இடது கையை நீட்டி அந்தத் துணியை முகத்திலிருந்து விலக்கினார். "சுடா," என்றார். இன்னும் தணிந்த குரலில் மறுபடி, "சுடா." முடிந்தது, போதும், விடு. அவர் வாயில் வேறு சொல் இல்லாததால் வந்த சொல்தான் அது. ஆனால் அந்த நேரத்தில் எந்த மொழியிலும் அதைவிடப் பொருத்தமாக ஒன்றைத் தேடி எடுத்திருக்க முடியாது.

அன்று நான் அதிகம் பேசவில்லை. கேள்வியைச் சுருக்கமாகக் கேளுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று கேளுங்கள், இரண்டில் ஒன்றைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள், ஆஸ்பத்திரிப் பயிற்சியை மறுபடி தொடங்குங்கள் என்று மட்டும் சொன்னேன். மதியம் அக்கா நெய்ச்சோறு போட்டார். ஜமால் அண்ணனிடம் குழம்பையும் ஊறுகாயையும் காட்டி, "எது?" என்று கேட்டார். அவர் இரண்டையும் தொட்டார். அக்கா அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

சனிக்கிழமை கடை திறக்கும் முன்பே அங்கே போனேன். செபராங் ஜெயாவில் அலுவலக வேலையில் இருக்கும் தம்பி நசீர் வந்திருந்தார். அவரைப் பற்றி நான் வேறு மாதிரி கற்பனை செய்து வைத்திருந்தேன். நேரில் பார்த்தால் களைத்துப்போன, மரியாதையான மனிதர். தொடக்க நாட்களில் அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவர் அவர்தான். கடையை ஏற்று நடத்த ஒருவர் தயாராக இருக்கிறாராம், பதில் கேட்கிறாராம்.

"மதினி, நீங்க ஒத்தையா எத்தன நாளைக்கு இழுப்பீங்க? குடுத்துரலாம்லா," என்றார். அண்ணன் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"இது அவரு கட," என்றார் அக்கா. "உங்க வாப்பா நடத்துன கட. இது இல்லேன்னா அவரு ஒடைஞ்சு போயிருவாரு. அதுக்காகத்தான் நா பல்லக் கடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

"அவருக்கு இப்ப என்ன மதினி தெரியப்போவுது?"

"தெரியும். அவருகிட்டயே கேளுங்க."

நசீர் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். அவர் நம்பியது மாதிரி இல்லை. அடுத்த கடைச் சீனப் பெரியவர் வாணலியைக் கழுவிக்கொண்டே மலாயில் ஏதோ சொன்னார். அக்கா எனக்கு மொழிபெயர்த்தார்: "நான் நூடுல்ஸைக் கருக்கவிட்டால் சிரிக்கிறான். புரியாதவன் எப்படிச் சிரிப்பான்?"

ஓர் அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்து இரண்டு படம் வரைந்தேன். எனக்குப் படம் வராது. ஒன்றில் கடை, அதில் தலைத்துணியோடு அக்கா. இன்னொன்றில் அதே கடை, வேறோர் ஆள், அக்காவும் அண்ணனும் வீட்டில். என்னென்ன என்று நசீரே அண்ணனுக்கு விளக்கினார். முதலில் அவசரமாகச் சொன்னார். நான் சைகை காட்டியதும் மெதுவாக மறுபடி சொன்னார். அண்ணன் எதைத் தொடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மனைவி நிற்கும் கடையைத் தொடுவார், நசீர் வாயடைத்துப் போவார் என்று உள்ளுக்குள் காத்திருந்தேன்.

அவர் மற்ற படத்தைத் தொட்டார். வேறோர் ஆள் நிற்கும் கடையை.

தற்செயலாக இருக்கலாம் என்று அட்டைகளை இடம் மாற்றி வைத்தேன். மறுபடி கேட்கச் சொன்னேன். மறுபடி அதையே தொட்டார். விரலை எடுக்கவில்லை.

மைமூன் அக்கா அவர் பக்கம் குனிந்தார். "ஏங்க? நா சரியா நடத்தலையா?"

உள்ளங்கை கவிழ்ந்தது. பிறகு அவர் அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, சட்டைக் கையை முழங்கைவரை ஏற்றினார். மணிக்கட்டிலிருந்து மேலே எண்ணெய் தெறித்த தழும்புகள். சில பழையவை, கறுத்தவை. ஒன்று புதிது, இன்னும் சிவப்பு. ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுத் தம்பிக்குக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் "சுடா, சுடா" என்றார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு தழும்பும் விழுந்ததை அவர் பார்த்திருக்கிறார். நிறுத்து என்று சொல்ல அவருக்கு வழியில்லை. சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறார், யாருக்கும் அது சொல்லாகக் கேட்கவில்லை.

நசீர் தன் அண்ணன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "அண்ணே," என்றார். அவருக்கும் அந்த ஒரு சொல்தான் வந்தது.

அக்கா நின்றபடியே கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நா அவருக்காக நிக்கிறேன்னு நெனச்சேன்," என்றார் யாரிடமென்று இல்லாமல். பிறகு கேட்டார்: "கட இல்லேன்னா நாம ரெண்டு பேரும் என்னத்த செய்யறது?" அண்ணன் கையை விரித்தார். இரண்டில் ஒன்றைத் தொட்டுச் சொல்லிவிடும் கேள்வி இல்லை அது.

அன்று மாலை கடை வழக்கம்போல நடந்தது. நசீர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் பனியனோடு அடுப்பு முன்னால் நின்று பொரித்தார். பாதி பலகாரம் கருகிவிட்டது. ஜமால் அண்ணன் அதற்கும் சிரித்தார். எனக்குக் கிடைத்த தட்டில் கருகியதுதான் நிறைய இருந்தது. காசு கொடுக்க விடவில்லை.

ஞாயிறு காலை நசீர் காரில் மூவருமாக வந்து என்னை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். வழியில் ஒரு ரொட்டிக் கடையில் நிறுத்தினோம். மைமூன் அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, அடுத்தவர் போட்ட தேநீரில் பால் அதிகம் என்று குறை சொன்னார். கூட்டத்துக்கு நடுவில் பரிமாறுபவர், "அவருக்கு என்ன வேணும்?" என்று அக்காவிடம் கேட்டார். "அவரையே கேளுங்கண்ணே, கொஞ்சம் நேரமாகும்," என்றார் அக்கா. பரிமாறுபவர் ரொட்டியா தோசையா என்று கேட்டுவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

திருச்சிக்கு வந்ததும் வேலை பழையபடி பிடித்துக்கொண்டது. பினாங்கில் என்ன பார்த்தாய் என்று கேட்டவர்களிடம் கண் மூடிய படங்களைக் காட்டினேன். கணவரிடம் மட்டும் முழுக்கச் சொன்னேன். "சொன்ன பேச்சக் கேக்கலையா," என்றார். பிறகு நெடுநேரம் அந்தக் குடும்பத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

சில மாதம் கழித்து ஒரு மதியம் மைமூன் அக்கா போனில் கூப்பிட்டார். கடையைக் கொடுத்துவிட்டார்களாம். ஆஸ்பத்திரிப் பயிற்சிக்கு மறுபடி போகிறார்களாம். புதுச் சொல் எதுவும் இன்னும் வரவில்லையாம், பயிற்சி கொடுக்கும் பெண் பொறுமையாக இருக்கச் சொல்லியிருக்கிறாராம்.

"கை ஆறிடுச்சா அக்கா?"

"ஆறிடுச்சு. ஆனா ஒண்ணு தங்கச்சி, காலைல எந்திரிச்சா அரைக்க வேணாம், வெட்ட வேணாம். இவ்வளவு நேரத்த நா பாத்ததே இல்ல."

"என்ன செய்றீங்க அவ்வளவு நேரமும்?"

பின்னால் ஜமால் அண்ணன் ஏதோ சொல்வது கேட்டது. அக்கா அவருக்கு ஏதோ பதில் சொன்னார், அவர் மறுபடி ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். பிறகுதான் அக்காவுக்கு நான் காத்திருப்பது ஞாபகம் வந்தது.

"என்னத்தலா செய்யறது," என்றார். "ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்கோம்."